கல்வியும் திறந்த மனமும்

நிறையப் படித்தவர் எதையும் திறந்த மனத்தோடு கேட்பார் என்பது மக்களிடையே உள்ள பொதுவான நம்பிக்கை. திருவள்ளுவப் பெருமானோ கல்விக்கு 40ஆம் அதிகாரத்தை வகுத்ததோடு நில்லாது, கேள்விக்கு 42ஆம் அதிகாரத்தையும் அறிவுடைமைக்கு 43ஆம் அதிகாரத்தையும் தனித்தனியே வகுத்துள்ளார். மூன்றும் ஒன்றாயின் மூன்று அதிகாரங்கள் எதற்கு?

இதற்கு ஒரே இல்லத்தில் பிறந்த இரு சைவப் பெரியார்களின் வரலாறு நல்ல சான்றாகும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851-1930), அவருடைய இளவல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853-1924) ஆகிய இருவரும் மகா மேதைகள். மூத்தவர் சொலிசிட்டர் ஜெனரலாக விளங்கினார். இளையவர் கேம்பிரிட்ஜில் பயின்று, போட்டிப் பரீட்சை மூலம் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கையர்.

அருணாசலம் லயத்தில் பிறந்தவரல்லர். கொழுந்துக்கூடை சுமந்தவருமல்லர். ஆயினும் மலையகத் தொழிலாளியின் துன்பத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். அக்காலத்தில் துண்டு முறை என்றொன்று இருந்தது. தொழிலாளியின் கடனைப் புதிய தோட்டம் தீர்த்தால்தான் பழைய தோட்டம் அவனை விடும் என்று எழுதிய சீட்டே துண்டு. கடனும் அவன் பின்னாலேயே தோட்டம் தோட்டமாகச் செல்லும். சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் சிறைவாசம். இக்கொடுமைகளை எதிர்த்து, 1919ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை அமைத்தார். மடுல்கலைத் தோட்டப் பகுதியில் பிறந்து கேம்பிரிட்ஜ் வரை சென்று கற்ற பெரி. சுந்தரம் அவருக்குத் துணைநின்றார். 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது.

இராமநாதன் குறுகிய மனத்தினர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. சைவராயிருந்தும் மத்தேயு சுவிசேஷத்துக்கு விளக்கவுரை எழுதியவர் அவர். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் சிங்களத் தலைவர்கள் சிறைப்பட்டபோது அவர்களுக்காகத் துணிந்து பேசியவரும் அவரே. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கல்லால் எழுப்பிய கைகளும் அவருடையவை. ஆனால் 1927ஆம் ஆண்டு டொனமூர் ஆணைக்குழு வந்து, ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை என்ற பேச்சு எழுந்தபோது, அப்பெருமகனார் அதனைக் கடுமையாக எதிர்த்தார். மதங்களுக்காக அகலத் திறந்திருந்த கதவு, எளிய மக்களின் வாக்குக்கு மட்டும் சாத்தப்பட்டது.

அறிவுக் குறைவால் நேர்ந்ததன்று இது. டொரொண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கீத் ஸ்டானோவிச் முதலானோரின் ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. தன் பக்கத்தையே நியாயமெனக் காணும் மனப்போக்கு, புத்திக்கூர்மை மிக்கவரிடமும் ஏறத்தாழ மற்றவரளவுக்கே இருக்கிறதாம். திறமையான வழக்கறிஞர் எந்தக் கட்சிக்கும் வாதாட வல்லவர். கூர்த்த அறிவும் அப்படித்தான். மனம் முன்னமே தீர்ப்பெழுதிவிட்டால், அதற்கேற்ற வாதங்களை அள்ளிக் கொடுத்துவிடும். சாமானியனுக்கு அவ்வளவு வாதம் கிடைக்காது!

1930 நவம்பரில் இராமநாதன் சிவபதமடைந்தார். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் 21 வயதடைந்த ஆண் பெண் இருபாலாரும் வாக்குரிமை பெற்றனர். தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரும் வாக்காளராயினர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் அது பறிபோனது வேறு கதை. அட்டன் தொகுதியில் போட்டியின்றித் தெரிவான பெரி. சுந்தரம் தொழில் அமைச்சரானார். 1913ஆம் ஆண்டில் இராமநாதன் பெரும்பொருள் செலவிட்டு மருதனார்மடத்தில் நிறுவிய மகளிர் கல்லூரியில் கற்றுத் தேறிய பெண்களும் இனி வாக்களிக்கலாம் என்றாயிற்று.