அண்ணாமலை நகரில் காலையில் எங்கே கை நனைப்பது?

போன மாதம் சிதம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, ஊருக்குள் போய்க்கொண்டிருந்த முதலாண்டு மாணவர்கள் இருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "ரீல்ஸ்ல பார்த்த கடை சார், நெய்ப் பொடி ரோஸ்ட்" என்றான் ஒருவன். "ஏ.சி. ஓட்டல்லதான் சாப்பிடணும்னு அப்பா சொல்லியிருக்கார்" என்றான் மற்றவன். மணி எட்டே கால். ஒன்பதுக்கு வகுப்பு, அதுவும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.

1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ தலைமுறைகள் இங்கே சாப்பிட்டுப் படித்துப் போய்விட்டன. நானும் அதில் ஒருவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

விடுதி மெஸ்ஸைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காசு கட்டியாயிற்று, ஏழரைக்கே போய்விடுங்கள். எட்டரைக்குச் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும். டீக்கடை பன்னும் டீயும் பரீட்சை நாளுக்கு மட்டும். மற்ற நாளில் தள்ளுவண்டி இட்லி போதும்.

அந்த நெய்ப் பொடி ரோஸ்ட்டுக்கு வருகிறேன். நானும் ஏமாந்தவன்தான். வீட்டிலிருந்து மணியார்டர் வந்த மறுநாள், ஊரே புகழ்ந்த ஓர் ஓட்டலில் போய் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, முழ நீளத்துக்குச் சுருட்டிய ரோஸ்ட் வந்தது. தட்டை நிறைத்தது, வயிற்றை அல்ல. அன்றைய முதல் வகுப்பு போனது, பதினொரு மணிக்கே பசியும் வந்துவிட்டது. மெல்லிய ரோஸ்ட்டில் மாவு ஒரு கரண்டிதான். மிச்சமெல்லாம் நெய்யும் பேச்சும். இன்னொன்றையும் கவனியுங்கள். புளித்துப்போன மாவை இட்லியாக ஊற்றினால் முதல் விள்ளலிலேயே தெரிந்துவிடும். ரோஸ்ட்டாக வார்த்து, மேலே பொடியைத் தூவி நெய்யை விட்டால் யாருக்குத் தெரியும்? ஒரு கடையை எடைபோட அங்கே இட்லி கேளுங்கள். "இட்லி இல்லை, ரோஸ்ட் சூப்பரா இருக்கும்" என்றால் எழுந்துவிடுங்கள்.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சமையற்கட்டு தெரியாது. தள்ளுவண்டியில் அடுப்பும் தட்டும் கையும் கண்ணெதிரே இருக்கின்றன. பிள்ளை குடிக்கத் தண்ணீரை மட்டும் பாட்டிலில் எடுத்துப் போகட்டும்.

எனக்கு ஓரவஞ்சனை உண்டு, மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கீழவீதிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவேன். துணியில் தண்ணீர் தெளித்து, அங்கே இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா இட்லியை உரித்தெடுக்கும்போது, அடிப்பக்கத்தில் துணியின் இழை வரிவரியாகப் பதிந்திருக்கும். மேலே கொத்சு. கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளித் தண்ணீரில் வேகவிட்டு மசித்து, வறுத்துப் பொடித்த தனியாவும் மிளகாயும் சேர்த்தது. நடராசர் கோயில் சம்பா சாதத்துக்குத் துணையான அதே கொத்சுதான். சிதம்பரத்துக்குப் படிக்க வந்து இதைச் சாப்பிடாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

ஆனால் எல்லார் வயிறும் ஒன்றல்ல. பொங்கல் சாப்பிட்டால் முதல் வகுப்பிலேயே சாமியாடுகிறவர்கள் உண்டு. பொங்கல் இல்லாமல் பேனாவே பிடிக்க முடியாதவர்களும் உண்டு. தன் வயிறு எந்த ரகம் என்று தெரிய ஒரு செமஸ்டராவது ஆகும். பாடப்பிரிவிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்று கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்துவிட்டு, வேளாண்மை வயலை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்ற நண்பன் எனக்கு இருந்தான். கூட்டம் நிற்கும் கடையை விடுங்கள் தம்பி, உங்களுக்கு ஒத்துக்கொள்வதைத் தேடுங்கள். கிடைத்த பிறகு அவசரப்படாதீர்கள். இந்த ஈடு தீர்ந்தால் அடுத்த ஈடு பத்தே நிமிடத்தில் இறங்கிவிடும்.

கொத்சு மட்டும் அப்படியில்லை. ஒன்பதரைக்கு மேல் அந்தத் திண்ணையில் சட்டினிதான் இருக்கும்.