கூடு கட்டும் பறவையைக் காண்பது எவ்வாறு?



பண்டமாரானில் கூரை இடுக்குகளில் மைனா கூடு கட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். குஞ்சுகளின் கீச்சொலி கேட்டதும் ஏணி வைத்து எட்டிப் பார்க்க மனம் துடிக்கும். அறியும் ஆவல் நன்றே. ஆயினும், கூட்டை நெருங்குவது பறவைக்குத் தீங்காய் முடியக்கூடும். அஃது எவ்வாறு என்பதை நம் நாட்டின் அரிய பறவை ஒன்றைக் கொண்டு அறிவோம்.

மலேசியாவில் பத்து வகை இருவாய்ச்சிகள் வாழ்கின்றன. பேராக் மாநிலத்தின் பெலும்-தெமெங்கோர் காட்டில் அப்பத்து வகைகளும் உள்ளன. அவற்றுள் ஒன்றை மலாய்க்காரர் 'தெபாங் மெந்துவா' என்பர். அதன் குரல் கோடரியால் மரத்தை வெட்டுவதுபோல் தொடங்கி, விரைந்து, சிரிப்பொலியாய் முடியும். மாமியார் வீட்டுத் தூண்களை வெட்டிச் சாய்த்து நகைத்த மருமகனே இப்பறவையானான் என்பது பழங்கதை. இதன் தலையிலுள்ள கெட்டியான கவசத்துக்காக மனிதர் இதனை வேட்டையாடினர். அதனால், 2015ஆம் ஆண்டில் இது முற்றும் அழியும் நிலையிலுள்ள இனங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது.

பெண்பறவை பெருமரத்துப் பொந்தினுள் நுழைந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்கிறது. தாயும் ஒரே குஞ்சும் பல மாதங்கள் ஆண்பறவை கொணரும் அத்திப் பழம் முதலிய இரையையே நம்பியுள்ளன. மரத்தடியில் மனிதர் நின்றால் ஆண்பறவை அஞ்சி அப்பாலேயே காத்திருக்கும். நாம் அங்கு நிற்கும் நேரமெல்லாம் உள்ளே பட்டினியன்றோ!

திறந்த கூடாயின் வேறொரு கேடும் உண்டு. தாய் அஞ்சிப் பறந்துவிட்டால் முட்டைகள் வெயிலில் கெடும். காகமும் கவர்ந்து செல்லும்.

ஆதலின் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்போமாக:

1. தொலைவில் மறைவாக அமர்ந்து, தொலைநோக்கியால் காண வேண்டும்.
2. இரையோடு வந்த பறவை கூட்டை அணுகத் தயங்கினாலும், பதறிக் கத்தினாலும் உடனே விலக வேண்டும்.
3. படமெடுப்பதற்காகக் கிளைகளை ஒடித்தல் ஆகாது. கூட்டை மறைக்கும் இலைகளே அதற்குக் காவல்.
4. பதிவு செய்த பறவைக் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்யலாகாது. பகைப்பறவை வந்ததென எண்ணி, அது இரை தேடுவதை விட்டுவிடும்.
5. அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தைப் பலரறியச் சொல்லலாகாது. அச்செய்தி வேட்டைக்காரர் செவிக்கும் எட்டும்.

இப்பழக்கத்தைப் பெற நாம் தெமெங்கோர் வரை செல்ல வேண்டியதில்லை. மைனாக் கூட்டுக்கு எட்ட அமர்ந்து, அரைமணி நேரத்தில் தாயும் தந்தையும் எத்தனை முறை இரை கொணர்கின்றன என்று ஏட்டில் குறித்துப் பாருங்கள். உங்களைப் பொருட்படுத்தாமல் அவை தம் வேலையைச் செய்துகொண்டிருந்தால், நீங்கள் முறையாகக் காண்கிறீர்கள் என்பது தெளிவு. என்றேனும் ஒருநாள் இருவாய்ச்சியின் கூட்டைக் காணும் பேறு கிட்டினால், அன்று அப்பயிற்சி ஒரு குஞ்சின் உயிரைக் காக்கும்.