கல்லும் சில்லும்

புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில், சுரங்கள் ஏழு பிரிவுகளாகக் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. 'ர, ரி, ரு, ரெ' என ஒரே சுரம் நான்கு உயிர்களோடு வருவதன் பொருள் யாது என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை. எழுத்து நிலைத்தது, அதனை இசைத்துக் காட்டிய கைகள் மறைந்தன. தோன்றி ஐம்பது ஆண்டுகளே கடந்த காணொளி விளையாட்டுத் துறையும் இன்று இதே இக்கட்டில் நிற்கிறது.

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் முதல் கருவியான 'ஒடிசி' 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ரால்ஃப் பேயரின் முயற்சியால் உருவான அதில் நினைவகமே இல்லை. திரையில் சில ஒளிப்புள்ளிகள் மட்டும் நகரும். ஆடுகளம் அச்சிட்ட நெகிழித் தாளைத் திரையின்மேல் ஒட்டிக்கொண்டு ஆட வேண்டும். ஆட்டத்திற்குரிய நிரலைத் தனிச் சில்லில் பதித்து, வேண்டியபோது மாற்றிச் செருகும் முறை 1976இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் கருவியில் வந்தது. யாழ் வேறு, இசைக்குறிப்பு வேறு என்பதுபோலக் கருவியும் ஆட்டமும் அன்றே பிரிந்தன.

அடுத்த ஆண்டு வெளிவந்த அட்டாரியின் கருவியில் தற்காலிக நினைவகம் 128 பைட். ஒரு குறுஞ்செய்தியின் உச்ச அளவே 140 பைட்! முழுப் படத்தையும் நினைவில் வைக்க இடமில்லாமையால், திரையில் மின்கற்றை ஓடும் வேகத்திற்கு ஈடுகொடுத்து, வரிக்கு வரி படம் வரையுமாறு நிரல் எழுதினர். 1985இல் வந்த நிண்டெண்டோவின் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. அதில் வானத்து மேகமும் தரையின் புதரும் ஒரே வடிவம். நிறம் மட்டுமே வேறு. வறுமையில் செம்மை என்பது இதற்கும் பொருந்தும்.

நிண்டெண்டோ கருவியின் மலிவான நகல்கள் 1990களில் தமிழகத்து வீடுகளுக்கும் வந்தன. மக்கள் கருவியை 'டி.வி. கேம்' என்றும், நிரல் பேழையைக் 'கேசட்' என்றும் வழங்கினர். 9999 ஆட்டங்கள் என்று மேலட்டை முழங்கும்; உள்ளே சில ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும். ஆட்டம் தொடங்காவிடில் கேசட்டைக் கழற்றி, வாயால் ஊதிச் செருகுவர். மீண்டும் செருகியதால்தான் இணைப்புச் சீராயிற்று. ஊதிய ஈரமோ உலோக முனைகளை அரித்தது.

அக்கருவியோடு வந்த துப்பாக்கியின் கதை வேறு. விசையை அழுத்தியதும் திரை நொடிப்பொழுது கருத்து, இலக்கு மட்டும் வெண்கட்டமாக ஒளிரும். அவ்வொளியைத் துப்பாக்கியின் உணரி பிடிக்கும். படக்குழாய்த் தொலைக்காட்சிக்கெனவே அமைந்த கணக்கு அது. 2006 முதல் தமிழக அரசு விலையின்றி வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளும் அவ்வகையினவே. படக்குழாய் போய்த் தட்டைத் திரை வந்தபின், பழுதில்லாத துப்பாக்கியும் குறி தவறியது.

பழைய கருவிபோலவே இயங்கும் மென்பொருள்களை எழுதி, ஆர்வலர்கள் பல ஆட்டங்களை மீட்டுள்ளனர். கேசட்டில் இருப்பதைப் படியெடுக்க முடிவதால் அது இயல்கிறது. ஆனால், நிறுவனத்தின் வழங்கியோடு இணையம்வழி இணைந்தே இயங்கும் இன்றைய ஆட்டங்கள் பலவற்றில், படியெடுக்க வேண்டிய பாதி ஆடுபவரின் கையில் இல்லை. வழங்கி நிறுத்தப்படும் நாளில், கைப்பேசியில் எஞ்சுவது திறக்காத ஒரு சின்னம் மட்டுமே.