நம்பிக்கைகளும் உண்மைகளும்: கொல்கத்தாவில் கங்கை நீரைக் குடிக்கலாமா?

கங்கை நீர் ஒருபோதும் கெடாது, அதில் கிருமி தங்காது, ஆகவே படித்துறையில் இரண்டு மிடறு அருந்தினால் நன்மையே தவிரத் தீங்கில்லை என்னும் பேச்சு, கொல்கத்தா செல்லும் தமிழ்ப் பயணிகளிடையே ஓயாமல் உலவிவருகிறது. படித்தவர்களே இதற்கு அறிவியல் சான்று இருப்பதாகச் சொல்லிப் பரப்புவதும், கைக்குழந்தையின் வாயில் அந்த நீரைத் துளி விடுவதும் பொறுத்துக்கொள்ளத் தக்கவை அல்ல. நீராடலும் தர்ப்பணமும் அவரவர் நம்பிக்கை. குடிப்பது உடலைச் சார்ந்தது, அங்கே நுண்ணுயிரியல் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும்.

கங்கையின் பெரும்பகுதி நீர் பத்மா என்ற பெயரில் வங்கதேசத்துக்குள் சென்றுவிட, கொல்கத்தாவை ஒட்டி ஓடுவது ஹூக்ளி என்னும் கிளையாறு. துறைமுகம் வண்டலால் தூர்ந்துபோகாதிருக்க, 1975-இல் பயன்பாட்டுக்கு வந்த பரக்கா அணையிலிருந்து இதற்குக் கூடுதல் நீர் திருப்பிவிடப்படுகிறது. கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தாலும் இது ஓத ஆறு, அதாவது கடலின் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப ஓட்டத்தின் திசை மாறும் ஆறு. ஏற்றத்தின்போது பாபுகாட் படித்துறையில் சற்று நிற்பவர், ஆகாயத்தாமரைத் திட்டுகள் கடலை நோக்கிப் போகாமல் வடக்கே, ஆற்றின் மேற்புறமாக மிதந்து செல்வதைக் காணலாம். ஓடும் நீர் அழுக்கை அடித்துச் சென்றுவிடும் என்ற வாதம் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. இரு கரைச் சாக்கடைகளும் கொட்டுவதில் ஒரு பகுதி, இறக்கத்தில் கீழே போய், சில மணி நேரத்தில் அதே படிகளுக்குத் திரும்பி வருகிறது.

அறிவியல் சான்று என்று காட்டப்படுவது, ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹேன்பரி ஹேங்கின் 1896-இல் வெளியிட்ட ஆய்வு. கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி சில மணி நேரத்தில் மடிவதையும், காய்ச்சிய நீரில் அவ்வாறு மடியாததையும் அவர் கண்டார் என்பது உண்மையே. பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ்களான பாக்டீரியோபேஜ்களே இதற்குக் காரணம் என்று பின்னாளில் விளக்கம் கூறப்பட்டது. ஆனால் ஒவ்வொரு பேஜும் தனக்குரிய பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் வைரஸ்களையோ வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஒட்டுண்ணிகளையோ அது தொடுவதில்லை. மேலும், பேஜ்கள் மிகுந்திருக்கும் இடம் பாக்டீரியா மிகுந்த இடமே; சாக்கடை நீரில் அவை ஏராளம். செம்பில் அடைத்த நீர் பல ஆண்டுகள் நாறாமல் இருப்பதும் சான்றாகாது, ஏனெனில் நோய்க்கிருமிக்கு நிறமோ மணமோ இருந்தாக வேண்டியதில்லை.

இதே ஹூக்ளியின் நீரைத்தான் கொல்கத்தா மாநகரமும் பெருமளவில் குடிக்கிறது. ஆனால் நகருக்கு வடக்கே பல்தாவில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இயங்கும் நிலையத்தில், வண்டலைப் படியவைத்து, வடிகட்டி, கிருமி நீக்கிய பிறகே குடிக்கிறது. ராபர்ட் கோக் 1884-இல் காலராக் கிருமியைக் குளத்து நீரில் இனங்கண்டதும், சம்புநாத் டே அக்கிருமியின் நச்சுப்பொருளை 1959-இல் நிறுவியதும் இந்நகரில்தான். இவ்வளவு தெரிந்த ஊரில் விருந்தினர் மட்டும் காய்ச்சாத ஆற்று நீரைக் குடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு விளக்கம் வேண்டியதில்லை. கைப்பம்பு நீர் மண்ணில் வடிந்து வருவதால் தூயது என்பது தவறு. வங்கக் கழிமுகத்தின் ஆழமற்ற நிலத்தடி நீரில் பல இடங்களில் இயற்கையாகவே ஆர்செனிக் கலந்துள்ளது, அது காய்ச்சினாலும் போகாது. புச்காவின், அதாவது வங்கத்துப் பானிபூரியின், புளிநீரில் கிருமி சாகும் என்பதும் வீண்நம்பிக்கை. மண்குவளைத் தேநீரை அஞ்சுவோர் அஞ்ச வேண்டாம்; கொதித்த பானம், ஒருமுறை மட்டுமே பயன்படும் குவளை. சைவ உணவு கிடைக்காது என்பதற்கும் அடிப்படை இல்லை: படாபஜாரில் மார்வாடி உணவும் லேக் மார்க்கெட்டில் இட்லி தோசையும் தாராளமாகக் கிடைக்கும். நீராடுவோர் அஞ்ச வேண்டியது, வண்டல் படிந்து வழுக்கும் படிகளையும், ஊரார் ‘பான்’ என்றழைக்கும் திடீர் ஓத அலையையும்தான்.

பயணப் பையில் மாத்திரைகளை அள்ளிச் செல்வோர், ஓ.ஆர்.எஸ். எனும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை மறந்துவிடுவது வருந்தத்தக்கது. 1971-இல் எல்லையோரப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் குடிக்கவைத்தே 30 விழுக்காட்டை நெருங்கியிருந்த இறப்பை 4 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்தார். இனிப்பூட்டிய பழச்சாறுகள் இதற்கு ஈடாகா. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த பொட்டலங்களை ஆளுக்குக் குறைந்தது இரண்டு வீதம் சொந்த ஊரிலேயே வாங்கி எடுத்துச் செல்லுங்கள். உறையில் குறித்த அளவு நீரில், காய்ச்சி ஆறவைத்ததில் மட்டும் கரைத்து, ஒரு நாளுக்குள் குடித்து, மீதியைக் கொட்டிவிடுங்கள்.