பாஸ் மீனுக்கு எந்த நீர்நிலை?

அமெரிக்காவின் டென்னசி, அலபாமா மாநிலங்களில் பாஸ் பிடிக்கப் போகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, பெருவாய் பாஸா சிறுவாய் பாஸா என்பது. மேல்தாடை கண்ணைத் தாண்டிப் போனால் பெருவாய். கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் சிறுவாய்.

பெருவாய்க்குக் கன்டர்ஸ்வில் ஏரிதான். 1939இல் டென்னசி ஆற்றில் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவானது. பரப்பு சுமார் 69,000 ஏக்கர். ஆழமில்லாத இடங்களில் கோடைக் கடைசியில் நீர்ச்செடி பாய் விரித்தாற்போல் படர்ந்துவிடும். அதன்மேல் ரப்பர் தவளையை விட்டுவிட்டு இழுத்தால், அடியில் பதுங்கிய மீன் செடியைப் பிளந்துகொண்டு கவ்வும். கவ்வியதைச் செடியோடு சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் தடித்த பின்னல் நரம்பு அவசியம்.

சிறுவாய்க்கான டேல் ஹாலோ ஏரி இதற்கு நேர்மாறு. நீர் ஆழம், தெளிவு. மீன் எளிதில் மிரளும். குளிர்காலத்தில் மெல்லிய நரம்பில், தக்கைக்கு வெகு கீழே சிறு ரோம இரையைத் தொங்கவிடுவது இங்கு கைகண்ட முறை. சிறுவாயில் உலகச் சாதனையான சுமார் 5.4 கிலோ மீன் 1955இல் இங்கேதான் சிக்கியது. பொறுமை குறைந்தவருக்கு இந்த ஏரி ஒத்துவராது.

ஓடும் நீர் வேண்டுமென்றால் வில்சன் அணைக்குக் கீழே போகலாம். மின் உற்பத்திக்காக நீர் விடும்போதே சிறுவாய் மும்முரமாக இரையெடுக்கும். நீர் திறப்பு விவரத்தை டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் வெளியிடுகிறது. நீர்மட்டம் திடீரென உயரும், மிதவைச் சட்டையைக் கழற்றக் கூடாது. உரிமமும் பிடிக்கலாகும் அளவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.