வீட்டில் காணத்தக்க போர்த் திரைப்படங்கள்: ஒரு காஞ்சித்திணைப் பார்வை

போர் என்றதும் தமிழ் மாணவர்களாகிய நம் நினைவுக்கு முதலில் வருவது வாகை. 'வாகை சூடினர்' என்னும் தொடர் இன்று பூப்பந்துப் போட்டிச் செய்தி வரைக்கும் வந்துவிட்டது. தொல்காப்பியர் புறத்திணையியலில் வாகைக்கு அடுத்து வைத்திருக்கும் காஞ்சியையோ தேர்வு முடிந்த கையோடு மறந்துவிடுகிறோம். நிலையாமையைப் பேசும் திணை அது. (புறப்பொருள் வெண்பாமாலை படித்தவர்கள் காஞ்சிக்கு வேறு பொருள் சொல்வார்கள். அந்த வழக்கை வகுப்பறைக்கு விட்டுவிடுவோம்.) மாண்ட கணவனின் தலையைத் தழுவியபடியே உயிர்விடும் மனைவி, துணைவனை இழந்து தனித்து நின்று புலம்பும் முதுபாலை, கைம்மை நோன்பு நோற்கும் தாபதநிலை எனக் காஞ்சியின் துறைகள் பலவும் வாள் ஏந்தாதவர்களைப் பற்றியவை.

ஒரு போர்ப்படத்தைப் பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வாள் ஏந்தாதவருக்குப் படத்தில் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள்? துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் வெடிச்சத்தத்தின் அளவும் அதற்குப் பிறகுதான்.

உலகில் போர்ப்படங்களுக்குப் பஞ்சமில்லை. நார்மண்டிக் கடற்கரையையும் வியட்நாம் காடுகளையும் பற்றி ஏராளமானோர் எழுதிவிட்டனர். ஆகவே 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை கரையிறங்கியதோடு நம் மண்ணுக்கு வந்த போரை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். 'ஜப்பான்காரன் காலம்' என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டோமே, மரவள்ளிக்கிழங்கும் வாழைமர நோட்டுமாகக் கழிந்த மூன்றரை ஆண்டுகள், அந்தப் போர்தான். இப்படங்களை வீட்டில் பார்ப்பதில் ஒரு வசதியும் உண்டு. படத்தை இடையில் நிறுத்தலாம், வசன வரிகளைத் திரும்பப் படிக்கலாம், பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் "தாத்தா இதைப் பற்றி ஏதும் சொன்னாரா?" என்று கேட்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்'. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்து, சிறந்த படம், சிறந்த இயக்கம் உட்பட ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. ஜப்பானியரிடம் போர்க்கைதிகளாகச் சிக்கிய பிரிட்டிஷ் வீரர்கள் ஓர் இரயில் பாலம் கட்டுகின்றனர். அதிகாரிகள் உடலுழைப்பு வேலை செய்யக்கூடாது என்ற விதிக்காக உயிரையே பணயம் வைக்கும் கர்னல் நிக்கல்சன், பிறகு பாலத்தின் மீதே காதல் கொண்டு, எதிரிக்கு உதவுகிறோம் என்பதையே மறந்துபோகிறார். அலெக் கின்னஸ் அந்த மாற்றத்தை நடந்துவரும் நடையிலேயே காட்டிவிடுகிறார். கடமையுணர்வு ஒருவனை எவ்வளவு தூரம் குருடாக்கும் என்பதற்கு இதைவிடக் கூர்மையான படம் எளிதில் கிடைக்காது. கலைப்படைப்பு என்ற முறையில் அதன் இடத்தை எவரும் மறுக்க முடியாது.

வரலாறு என்று எடுத்துக்கொண்டால் கதை வேறு. உண்மையில் தாமர்கான் முகாமில் கைதிகளின் மூத்த அதிகாரியாக இருந்த பிலிப் டூசி, பாலத்தை நேசித்தவர் அல்லர். அவருடைய ஆட்கள் சிமெண்டுக் கலவையைக் கெடுத்தும் மரச்சட்டங்களில் கரையான்களை விட்டும் வேலையைக் குலைக்கப் பார்த்தார்கள். படத்தில் மரப்பாலம் வெடித்துச் சிதறுகிறது. காஞ்சனபுரியின் இரும்புப் பாலம் நேச நாடுகளின் விமானக் குண்டுவீச்சில் 1945இல்தான் உடைந்தது. பழுது பார்க்கப்பட்டு இன்றும் அதன்மேல் இரயில் ஓடுகிறது. படம் எடுக்கப்பட்டதோ இலங்கையில், கித்துல்கல என்னும் ஊரில். பாலத்தின் கீழ் ஓடிய ஆற்றுக்கு அப்போது மே குளோங் என்றே பெயர். படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகள் 'குவாய்' எங்கே என்று கேட்கவே, 1960களில் ஆற்றின் அப்பகுதிக்குப் பெயரையே மாற்றினார்கள்! ஒரு திரைப்படம் ஓர் ஆற்றின் பெயரை மாற்றிய அதிசயம் இது.

இவையெல்லாம் சிறு பிழைகள். பெரிய பிழை வேறொன்று.

சயாமிலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாதவர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டப்புறத் தமிழர்கள். தொடக்கத்தில் நல்ல சம்பளம், சில மாத ஒப்பந்தம் என்றார்கள். ஆள் போதாமல் போனபோது வலுக்கட்டாயம் வந்தது. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கொட்டகைக் கதவை அடைத்து, ஆண்களை இரயிலேற்றிய சம்பவங்களையும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிட்டுள்ளனர்.

போர்க்கைதிகளுக்கு இல்லாத கொடுமை ஒன்று இவர்களுக்கு இருந்தது. கைதிகளோடு அவர்களுடைய இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் கழிவறைக் குழி வெட்டவும் கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு அத்தகைய அமைப்பு எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மக்கள் மடிந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். இறந்தவர்களைக் கணக்கெடுக்கவும் ஆள் இல்லை. அதனால்தான் கைதிகளின் சாவுக்குக் கிட்டத்தட்டத் துல்லியமான எண்ணும், இவர்களின் சாவுக்கு ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறும் மதிப்பீடும் கிடைக்கின்றன.

161 நிமிடங்கள் ஓடும் குவாய் படம் இம்மக்களின் கதையை எங்கும் சொல்வதில்லை. மூலநாவலை எழுதிய பியர் பூல் 1930களின் பிற்பகுதியில் மலாயா இரப்பர் தோட்டத்தில் பணியாற்றியவர் என்பதை அறியும்போது வியப்பு இன்னும் கூடுகிறது. தமிழ்த் தொழிலாளியை அவர் அன்றாடம் பார்த்திருப்பார். சாயம் பூசிய கதை என்று படத்தை ஒதுக்கவேண்டும் என்பதில்லை. எவர் இல்லை என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அதுவே வேறொரு படமாகிவிடும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். 1993இல் வெளிவந்த அந்நாவல், படம் விட்ட இடத்தை நிரப்புகிறது. முதுபாலையும் தாபதநிலையும் நம் தோட்டத்து லயங்களில் எப்படி இருந்திருக்கும் என்று அறிய வேறு இலக்கணநூல் தேவையில்லை.

இதே இரயில்பாதையைப் பற்றிய 'த ரயில்வே மேன்' (2013) ஒருமுறை பார்க்கத் தகுந்தது. சிங்கப்பூரில் பிடிபட்டு, இரகசிய வானொலிக்காகச் சித்திரவதை செய்யப்பட்ட எரிக் லோமேக்ஸ் எழுதிய தன்வரலாறே மூலம். அரை நூற்றாண்டுக்குப் பின், 1993இல், அன்று மொழிபெயர்ப்பாளராக நின்ற நகாசேயை அவர் காஞ்சனபுரியில் சந்திக்கிறார். படத்தில் பழிவாங்கும் எண்ணத்தோடு திடீரென்று போய் நிற்பதாகக் காட்டியிருக்கிறார்கள். நிஜத்தில் முதலில் கடிதங்கள்தாம் போய்வந்தன. மனைவியும் உடன் சென்றார். கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, மெல்ல மெல்ல மனம் இளகிய அந்த உண்மைதான் என் பார்வையில் சிறந்த திரைக்கதை. நிக்கோல் கிட்மன் ஏற்றிருக்கும் மனைவி பாத்திரம் மட்டும் காஞ்சிக்கு உரியது. போரைக் காணாமலேயே போரோடு குடும்பம் நடத்தியவர் அவர்.

இனி எதிர்ப்பக்கம் போவோம். 'எதிரி எடுத்த படத்தை நாம் ஏன் பார்க்கவேண்டும்?' என்று சிலர் கேட்கக்கூடும். குவாய் படத்தில் விடுபட்ட கூலியாட்கள் முழு உருவில் வந்து நிற்பது ஒரு ஜப்பானியப் படத்தில்தான் என்பதே அதற்கு விடை. மசாக்கி கோபயாஷி 1959 முதல் 1961 வரை மூன்று பகுதிகளாக இயக்கிய 'த ஹியூமன் கண்டிஷன்', அதாவது 'மனித நிலை', மொத்தம் ஒன்பதரை மணி நேரத்திற்கும் மேல் நீளும் கறுப்பு வெள்ளைப் படம். நீளத்தைக் கேட்டு ஓடிவிடாதீர்கள். முதல் பகுதியை மட்டும் பார்த்தாலும் போதும்.

காஜி என்ற இளைஞன், படையில் சேர்வதிலிருந்து விலக்கு கிடைக்கும் என்பதற்காக மஞ்சூரியச் சுரங்கம் ஒன்றில் தொழிலாளர் மேற்பார்வையாளன் ஆகிறான். ஆட்களை மனிதர்களாக நடத்தினால் உற்பத்தியும் பெருகும் என்பது அவனுடைய நம்பிக்கை. அடைத்த சரக்கு வண்டிகளில் சீனக் கைதிகள் வந்து சேர்கிறார்கள். கதவு திறந்ததும் எலும்பும் தோலுமாக வெளியே விழுந்து உணவு வண்டியை நோக்கி ஓடுகிறார்கள். அந்தக் காட்சியில் படத்தை நிறுத்தி, நம் ஊரிலிருந்து சயாமுக்குப் புறப்பட்ட சரக்கு வண்டிகளை நினைத்துப் பாருங்கள். மின்வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, தான் நல்லவன் என்று காஜி சொல்லிக்கொள்ள முயல்கிறான். முடியவில்லை. ஜப்பானியருக்கு ஆள் கணக்குக் கொடுக்க வேண்டியிருந்த நம் தோட்டத்துக் கிராணிமாரும் கங்காணிமாரும் என்ன நினைத்திருப்பார்கள் என்ற கேள்விக்கு இவ்வளவு நெருங்கி வரும் படத்தை இதுவரை காணவில்லை. கோபயாஷி தாமே மஞ்சூரியாவில் படைவீரராக இருந்தவர். தன் நாட்டின் கொடுமையைத் தன் மொழியிலேயே சொல்ல முன்வந்த துணிவை நாம் மதிக்கவேண்டும்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006இல் ஒரே போரைப் பற்றி இரண்டு படங்கள் எடுத்தார். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நடந்த இவோ ஜிமா போரை அமெரிக்கர் கண்களால் காண்பது 'ஃப்ளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்'. ஜப்பானியர் கண்களால் காண்பது 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா'. இரண்டாவதே மேலானது. ஜப்பானிய மொழியிலேயே எடுத்திருக்கிறார். ஏறத்தாழ 21,000 ஜப்பானியர் காத்த அத்தீவில் உயிரோடு பிடிபட்டவர்கள் ஆயிரத்தை ஒட்டியவர்களே. மதில் காக்கும் நொச்சி என்று பெயர் சூட்டலாம்தான். ஆனால் படத்தின் நாயகன் சைகோ ஒரு ரொட்டிக்கடைக்காரன். படைக்கு வரும்படி ஓலை கொண்டுவந்து 'வாழ்த்துகள்' சொல்லும் பெண்களின் எதிரே, கர்ப்பிணியான அவன் மனைவி நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் போதும். பிடிபட்ட அமெரிக்க வீரனின் சட்டைப்பையில் இருந்த தாயின் கடிதத்தை அதிகாரி உரக்கப் படிக்க, கேட்டுக்கொண்டிருக்கும் வீரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்கும் காட்சியும் அப்படியே.

'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' (1988) கேலிச்சித்திரப் படம் என்பதால் குழந்தைகளுக்கானது என்று ஏமாந்துவிட வேண்டாம். கோபே நகரக் குண்டுவீச்சில் தாயை இழந்த பதினான்கு வயது செய்தாவும் நான்கு வயது தங்கை செத்சுகோவும் பட்டினியோடு போராடும் கதை. அம்மாவின் கிமோனோவை அரிசிக்கு மாற்றும் சித்தி, மிட்டாய் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் கடைசி இனிப்பையும் குடிக்கும் சிறுமி, இவர்களைத் தவிரப் போர் என்று எதையும் இயக்குநர் இசாவோ தகாஹத்தா பெரிதாகக் காட்டவில்லை. முழுக்க முழுக்கக் காஞ்சி. ஒரே ஒரு குறை சொல்லலாம்: அக்குண்டுகள் ஏன் விழுந்தன, ஜப்பானியப் படை அந்நேரம் பிறர் நாடுகளில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதைப் படம் பேசாது. கோபயாஷியின் படத்தைப் பார்த்தபின் இதைப் பார்த்தால் அக்குறை தீர்ந்துவிடும்.

நம் நாட்டுப் படம் ஒன்றும் பட்டியலில் வேண்டும் என்பவர்கள் 'லெஃப்டெனன் அட்னான்' (2000) படத்தைப் பார்க்கலாம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரின் புக்கிட் சந்துவில் மலாய்ப் படைப்பிரிவு கடைசிவரை நின்ற வரலாறு அது. போர்க்காட்சிகள் சில இடங்களில் நாடகத்தனமாக உள்ளன. தோற்ற பக்கத்துக்குச் சூட்டிய வாகை என்ற வகையில் அதற்கொரு கண்ணியம் உண்டு. சாங்கி முகாமின் பசியையும் கள்ள வியாபாரத்தையும் காட்டும் 'கிங் ராட்' (1965) நேரம் மிச்சமிருப்பவர்களுக்கு.

தவணை விடுமுறையில் பார்ப்பதாக இருந்தால் குவாயில் தொடங்குங்கள். நாவலைப் படித்து முடிக்கும் வரை அடுத்த படத்திற்குப் போகவேண்டாம். 'மனித நிலை'க்கு மூன்று வார இறுதிகள் ஒதுக்கவேண்டும். 'த ரயில்வே மேன்' படத்தின் சித்திரவதைக் காட்சிகளின்போது சிறுவர்கள் அறையில் இல்லாதிருப்பது நல்லது. மின்மினிப் படத்தை மறுநாள் வகுப்போ வேலையோ இல்லாத இரவாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவுடன் உறக்கம் வராது.