சொல்லுக்கேற்ற துணை



நம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டியார் காலமானபோது, அவளுக்கு ஆறுதல் கடிதம் எழுத அமர்ந்தோம். 'செய்தி கேட்டு மிகுந்த துக்கம் பெற்றோம்' என்று முதல் வரி எழுதினோம். எழுத்துப் பிழை இல்லை; இலக்கணப் பிழையும் இல்லை. தமிழாசிரியை அதைப் படித்துவிட்டு, "பரிசா பெற்றீர்கள்?" என்று கேட்டார். நாம் தலை குனிந்தோம்.

பரிசு பெறுவோம், பட்டம் பெறுவோம், இறையருள் பெறுவோம். துக்கமோ அடைவது; துன்பம் உறுவது; காயம் படுவது. (குற்றவாளி 'தண்டனை பெற்றான்' என்பதும் வழக்கில் உண்டு, ஆகவே இதை இரும்பு விதியாகக் கொள்ள வேண்டாம்.) நாம் எழுதிய வரி, அழுகிறவள் முன்னே சிரித்த முகத்தோடு போய் நின்றது போலாகிவிட்டது. இழவு வீட்டுக்குத் 'துக்கம் விசாரிக்க'ப் போகிறோம் என்பது நம் ஊர் வழக்கு. காவல் நிலையத்தை நினைவூட்டும் அதே 'விசாரி' அங்கே எவ்வளவு கனிந்துவிடுகிறது, பாருங்கள்!

பெயருக்கேற்ற வினையைத் தேடுவது இன்று நேற்று வந்த கவலையன்று. வெவ்வேறு வினைக்குரிய பொருள்களைச் சேர்த்துச் சொல்லும்போது, ஒன்றுக்கு மட்டும் உரிய வினையை எல்லாவற்றுக்கும் சொல்லலாகாது என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதி வகுத்தார். உணவு, அணிகலன், இசைக்கருவி ஆகியவற்றை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். நாம் எழுதிய ஓர் ஆண்டு விழா அறிக்கையில், 'மாணவியர் குழலும் முரசும் ஊதி விருந்தினரை வரவேற்றனர்' என்று இருந்தது. முரசை எப்படி ஊதுவது? குழலை ஊத வேண்டும், முரசைக் கொட்ட வேண்டும், வீணையை மீட்ட வேண்டும். சேர்த்துச் சொல்வதானால் 'இசைத்து' என்ற பொதுவினை போதும். அவ்வாறே பூவைச் சூடுகிறோம், புடவையை உடுத்துகிறோம், வளையலைப் போடுகிறோம்; பூவும் வளையலும் சேர்ந்து வந்தால் 'அணிந்தாள்' என்போம்.

நெருப்பு ஒன்றுதான். ஆனால் அடுப்பை மூட்டுகிறோம், வெடியைக் கொளுத்துகிறோம், மாதா கெபியில் மெழுகுவர்த்தியை ஏற்றுகிறோம். அங்கே 'கொளுத்தினோம்' என்றாலும் பொருள் விளங்கும். ஆனால் 'ஏற்றினோம்' என்பதில் உள்ள வணக்கம் அதில் வராது.

அடைமொழியிலும் இதே கவனம் தேவை. மாம்பழம் பழுத்தது, தேங்காய் முற்றியது. அனுபவத்துக்குப் 'பழுத்த' பொருந்தும். நோய்க்கு 'முற்றிய' பொருந்தும். இவற்றை மாற்றி 'முற்றிய அனுபவம்' என்று எழுதினால், பெரியவர் ஒருவரைப் புகழப் போய் நோயாளியாக்கியவர்களாவோம். 'பச்சை' இன்னும் வேடிக்கையானது. பச்சைக் குழந்தை, பச்சைத் தண்ணீர், பச்சைப் பொய் ஆகிய மூன்றிலும் நிறம் எங்கே இருக்கிறது?

ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தமிழ் எழுதும்போதுதான் நாம் பெரும்பாலும் தடுமாறுகிறோம். 'பரீட்சை எடுத்தேன்', 'குளியல் எடுத்தேன்' என்றெல்லாம் நம் கட்டுரை ஏடுகளிலேயே காண்கிறோம். பரீட்சை எழுதினேன், குளித்தேன் என்று வீட்டில் சரியாகச் சொல்லும் நாம், பேனாவை எடுத்ததும் ஏன் மாறிவிடுகிறோமோ! ஐயம் வந்தால் எழுதியதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். கண் தவறவிட்டதைக் காது பிடித்துவிடும்.

அன்று அக்கடிதத்தை நான்கு முறை வாய்விட்டுப் படித்தோம். 'உன் பாட்டியார் மறைந்த செய்தி கேட்டு ஆழ்ந்த துயரம் அடைந்தோம். அவர் ஆன்மா இளைப்பாற்றி அடையச் செபமாலை சொன்னோம்' என்று திருத்தி எழுதி, மாலைத் தபாலில் சேர்த்தோம்.